புதிய உயிர்களும் பொறுமையற்ற நாமும்

அடுத்த போக்கிமான் ஆட்டத்துக்குரிய புதிய உயிர்கள் இவை என்று ஜப்பானிலிருந்து ஓர் அறிவிப்பு வருகிறது. வந்து அரை மணி நேரம் கழிவதற்குள் நம் விடுதி வராந்தாவில் நடப்பது என்ன? தீர்ப்பு! "இதுவும் ஓர் உயிரா?" என்பார் ஒருவர். "அவர்களுடைய கற்பனை வறண்டுவிட்டது" என்பார் மற்றொருவர். "என்ன இருந்தாலும் பழைய 151-க்கு ஈடாகுமா?" என்று பெருமூச்செறிவார் மூன்றாமவர். அவர் பிறந்ததே அந்த 151 வெளிவந்து பத்தாண்டு கழித்து!

அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் இங்கே சில சொல்ல விழைகிறேன். மன்றத்தின் மலரிலே விளையாட்டைப் பற்றியா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இருக்கக்கூடும். இலக்கியக் கட்டுரைகளுக்கு இம்மலரில் என்றும் குறைவில்லை. நள்ளிரவு வரை விழித்திருந்து நாம் வாதிடும் பொருள் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதாமல் விடுவதில் என்ன பெருமை இருக்கிறது?

அறியாதவர்க்காக ஒரு சொல். போக்கிமான் என்பது கற்பனை உயிர்களைத் தேடிப் பிடித்து, வளர்த்து, நண்பரோடு மாற்றிக்கொண்டு, போட்டிக்கு அனுப்பும் வீடியோ விளையாட்டு. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்காக முதல் ஆட்டம், சிவப்பு, பச்சை என்று இரு வடிவில் வெளிவந்தது. அன்று 151 உயிர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தலைமுறை வர வர, 2024 தொடக்கத்தில் அந்தக் கணக்கு 1,025 ஆயிற்று. தொலைக்காட்சியில் தமிழ்க் குரலில் இக்கதையைக் கண்டு வளர்ந்தவர் நம்மிடையே பலர். ஆகவே மேலும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் இந்த விளையாட்டு எங்கிருந்து பிறந்தது என்பதைச் சிறிது நின்று நோக்க வேண்டும். இதைப் படைத்தவர் சதோஷி தஜிரி. தோக்கியோவை அடுத்த மச்சிதாவில் வளர்ந்தவர். சிறுவயதில் அவருக்குப் பூச்சி பிடிப்பதே பொழுதுபோக்கு. வயலும் குளமும் தோப்பும் இருந்த இடமெல்லாம் அவர் வளர வளரக் கட்டடங்களாயின. தாம் அடைந்த அந்த இன்பம் நகரத்துப் பிள்ளைகளுக்கு இனிக் கிட்டாதே என்ற ஏக்கத்திலிருந்துதான் இவ்விளையாட்டு எழுந்தது. இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கம்பியைக் கண்டபோது, அதன் வழியே ஒரு பூச்சி இந்தக் கருவியிலிருந்து அந்தக் கருவிக்கு ஊர்ந்து செல்வதாக அவர் கற்பனை செய்தாராம்.

பூச்சி பிடித்தவர்களுக்குத் தெரியும், அந்த இன்பம் எதில் இருக்கிறது என்று. பொன்வண்டைத் தீப்பெட்டியில் வைத்துக் கருவேல இலையோ கொன்றை இலையோ போட்டு வளர்த்தவர்கள் நம்முள் இன்னும் சிலர் இருப்பர். கல்லைப் புரட்டும் வரை அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. தேளும் இருக்கலாம், வண்டும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அந்தத் தெரியாமையே இன்பம். போக்கிமான் ஆட்டத்தில் அந்தக் கல்லின் இடத்தை உயரமான புல் பிடித்துக்கொண்டது. புல்லுக்குள் கால் வைக்கிறோம், இசை சட்டென்று மாறுகிறது, திரை மின்னுகிறது, யார் வரப்போகிறார்? அந்த ஒரு நொடிக்காகத்தான் ஏனைய அனைத்தும். அந்த நொடியை எடுத்துவிட்டால் எஞ்சுவது கூட்டல் கழித்தல் கணக்குத்தான்.

இவ்வளவும் சொன்னதன் கருத்து இது. புதிய உயிர் ஒன்றின் படத்தை அறிவிப்பில் காண்பது வேறு. அந்த உயிரைச் சந்திப்பது வேறு. படத்தைக் கண்டு சந்தித்துவிட்டதாக எண்ணித் தீர்ப்புக் கூறுகிறோம். நாம் தீர்ப்புக் கூறுவதோடு நில்லாமல், இன்னும் சந்திக்காதவரின் நொடியையும் பறித்துவிடுகிறோம். முன்னது பொறுமையின்மை. பின்னது கொடுமை என்பேன்.

புதியதை அறிவிப்பதே தவறு என்று நான் கூறவில்லை. அறிவிப்பதிலும் ஓர் அழகு உண்டு. அதற்கு இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

1997 ஏப்ரல் 1 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் போக்கிமான் தொடரின் முதற்பகுதி ஒளிபரப்பாயிற்று. அதன் இறுதியில், மழை ஓய்ந்த வானத்தில், வானவில்லை நோக்கிப் பொன்னிறப் பறவை ஒன்று பறந்து செல்கிறது. சிறுவன் தன் கையிலுள்ள கருவியிடம் அது என்ன என்று கேட்கிறான். அக்கருவிக்கோ விடை தெரியவில்லை. உலகில் இன்னும் அறியப்படாத உயிர்கள் உள்ளன என்பதே அது தரும் மறுமொழி. அவ்வளவுதான்! பெயர் இல்லை, வகை இல்லை, வலிமை இத்தனை என்ற பட்டியல் இல்லை. அப்பறவையின் பெயர் ஹோ-ஓ. 1999 நவம்பரில் பொன், வெள்ளி என்ற இரண்டாம் தலைமுறை ஆட்டங்கள் வெளிவந்த பிறகே அதை ஒருவர் தம் ஆட்டத்தில் சந்திக்க முடிந்தது. இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகள் ஒரு சிறகை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அறிவிப்பு என்றால் இதுவன்றோ அறிவிப்பு!

மற்றொன்று சுவையான கதை. 1998-இல் வந்த சிறு படம் ஒன்றில் நீலநிறத்து உருண்டை எலி ஒன்று ஓடியாடிற்று. அதன் படம் அமெரிக்கப் பிள்ளைகளிடம் சென்றது, பெயர் செல்லவில்லை. மஞ்சள் எலி பிக்காச்சு என்றால் நீல எலி 'பிக்காப்ளூ'தானே என்று அவர்களே பெயரிட்டுவிட்டார்கள்! அதைப் பிடிக்க இன்ன இடத்தில் இன்னது செய்ய வேண்டும் என்று பள்ளிதோறும் கதைகள் கிளம்பின. ஒன்றும் உண்மையில்லை. உண்மையில் அது மாரில் என்னும் நீர்வாழ் உயிர்; பிக்காச்சுவுக்கு உறவே அன்று. ஆயினும் அந்தப் பொய்க் கதைகளைப் பற்றி இன்று நாற்பதை நெருங்குவோரும் இனிமையாகப் பேசுகிறார்கள். குறைவாகக் காட்டியதால் அவர்கள் நிறையக் கற்பனை செய்தார்கள்.

மியூவின் கதையோ எல்லாவற்றையும் விஞ்சும். முதல் ஆட்டம் முடியும் தறுவாயில், பிழை திருத்தப் பயன்பட்ட நிரல்களை நீக்கியதும் ஏறத்தாழ 300 பைட் இடம் காலியாயிற்று. ஷிகெகி மோரிமோட்டோ என்ற நிரலாளர் அந்த இடுக்கிலே 151-ஆவது உயிரை ஒளித்து வைத்தார். 300 பைட் என்றால் எவ்வளவு? இந்தப் பத்தியைத் தமிழில் சேமிக்கக்கூடப் போதாது! அவ்வுயிர் இருப்பதாக வதந்தி பரவிற்று. 1996-இல் கோரோகோரோ என்ற சிறுவர் இதழ் 20 பேருக்கு மட்டும் மியூ வழங்கப்படும் என அறிவித்தபோது, விண்ணப்பித்தவர் ஏறத்தாழ 78,000 பேர். ஒளித்து வைத்த ஒன்றே அந்த விளையாட்டின் விற்பனையைத் தூக்கி நிறுத்திற்று என்பர்.

இன்றைய நிலை என்ன? அறிவிப்புக்கு இன்று ஒரு நாட்காட்டியே உண்டு. ஸ்கார்லெட், வயலெட் என்ற ஒன்பதாம் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரி 27: தொடக்கத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் மூன்று உயிர்கள் காட்டப்பட்டன. ஒன்று பூனைக்குட்டி, ஒன்று முதலைக்குட்டி, ஒன்று வாத்துக்குஞ்சு. ஜூன் 1: முன்னோட்டப் படம், அதில் மேலும் சில. ஆகஸ்டில் ரொட்டி மாவு போன்ற நாய்க்குட்டி. செப்டம்பரில் மணலில் நிற்கும் விக்லெட். இப்படியே சிறுகச் சிறுகச் சென்று, நவம்பர் 18 அன்று ஆட்டம் வெளிவந்தது. மூன்றே நாளில் ஒரு கோடிக்கு மேல் விற்றது. வணிகம் என்றால் வணிகம்தான். அதில் நான் குறை காணவில்லை.

ஜூன் முன்னோட்டத்தில் வந்த லெச்சாங்க் என்னும் பன்றிக்குட்டியைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. அந்த ஆட்டத்தின் நிலம் ஸ்பெயின் நாட்டைத் தழுவியது. 'லெச்சோன்' என்பது ஸ்பானிய மொழியில் பால்குடி மாறாத பன்றிக்குட்டி. அதைச் சுட்டுச் சமைக்கும் உணவுக்கும் அதுவே பெயர். பாவம், பெயரிலேயே அடுப்பு! ஜெர்மானியர் அதைப் ஃபெர்குலி என்கின்றனர். பிரெஞ்சுக்காரர் கூர்மெலே என்கின்றனர். ஒவ்வொரு மொழியினரும் தத்தம் சொல்லிலிருந்து பெயர் ஆக்கிக்கொள்கிறார்கள். நம் மாடியில் ஓர் அக்கா அதற்குக் 'கொழுக்கட்டையன்' என்று பெயர் வைத்தார். இன்று எங்களுள் யாரும் அதை வேறு பெயரால் அழைப்பதில்லை. தமிழில் போக்கிமான் பெயர்கள் ஆக்குவதற்கென்றே மன்றத்தில் ஒரு மாலைப்பொழுது ஒதுக்கலாம். அது நிற்க.

தீர்ப்புக்கு வருவோம். புதியவற்றை இகழ்வோர் வழக்கமாக நிறுத்தும் சாட்சிகள் மூன்று: 2010-இல் வந்த ஐஸ்கிரீம் உயிர், அதே ஆண்டின் குப்பைப்பை உயிர், 2013-இல் வந்த சாவிக்கொத்து உயிர். "பொருள்களுக்குக் கண் வரைந்தால் உயிராகிவிடுமா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் அவர்கள் போற்றும் பழைய 151-இல் என்ன இருந்தது? காந்தத்துக்குக் கண் வைத்த மேக்னமைட் இருந்தது. பந்துக்குக் கண் வைத்த வோல்டார்ப் இருந்தது. சாக்கடைக் கசடே உருவெடுத்த கிரைமர் இருந்தது. கடல்நாயைப் போலவே ஓர் உயிர். அதற்கு ஆங்கிலத்தில் இட்ட பெயர் 'சீல்'! பாம்புக்கு ஆங்கிலத்தில் 'ஸ்நேக்' என்பதைப் பின்னிருந்து படித்து 'ஏகன்ஸ்' என்று பெயரிட்டார்கள். இவையெல்லாம் கற்பனையின் கொடுமுடி என்றால், குப்பைப்பை மட்டும் என்ன பாவம் செய்தது?

உண்மை வேறு. பழையவற்றை நாம் சிறுவயதில் சந்தித்தோம். தீர்ப்புக் கூறும் அறிவு வருமுன் அவற்றோடு பழகிவிட்டோம். புதியவற்றைப் படமாகக் காண்கிறோம்; பழகுமுன் தீர்ப்புக் கூறுகிறோம். ஐந்து பதக்கங்கள் வெல்லும் வரை நம்மோடு நடந்த கிரைமரின் நாற்றம் நமக்கு உறைப்பதில்லை.

2010-இன் பிளாக், ஒயிட் ஆட்டங்களைப் படைத்தவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தனர் என்றே எண்ணுகிறேன். அவற்றில் 156 புதிய உயிர்கள். முதன்மைக் கதை முடியும் வரை பழைய உயிர் ஒன்றுகூடப் புல்லில் வராது. பழக்கமான முகமே இல்லாத ஊரில் நம்மைக் கொண்டு விட்டார்கள். அன்று முணுமுணுத்தவர் பலர். இன்றோ இவ்வரிசையின் மிகச் சிறந்த ஆட்டங்களுள் அவற்றையும் வைத்துப் பேசுவோர் ஏராளம். ஆட்டம் மாறவில்லை, ஐயா! ஆடியவர்கள் அந்த ஊரில் சில காலம் வாழ்ந்தார்கள்.

விக்லெட்டுக்கு நேர்ந்ததும் இதுவே. படம் வந்தவுடன், "1996-இன் டிக்லெட்டை இழுத்து நீட்டி வெள்ளையடித்துவிட்டார்கள்" என்று சிரித்தோம். அதற்குள் இருந்த கருத்தை எத்தனை பேர் கண்டோம்? டிக்லெட் நிலத்தில் வளை தோண்டும் உயிர். விக்லெட் கடலடி மணலில் உடலை நட்டு நிற்கும் ஈல் மீன் இனத்தைத் தழுவியது. இரண்டுக்கும் உறவில்லை, வாழும் முறை ஒத்திருப்பதால் வடிவம் ஒத்தது. சுறாவும் ஓங்கிலும் ஒரே வடிவு பெற்றது எவ்வாறோ அவ்வாறு. விலங்கியல் படிக்கும் நண்பர்கள் முதலாண்டில் நெட்டுருப் போடும் பாடத்தை ஒரு பொம்மை மூலம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நாம் அதைச் சோம்பல் என்றோம்!

அப்படியானால் குறையே கூறக்கூடாதா? கூறலாம், கூற வேண்டும். 2019-இல், வரவிருந்த ஸ்வோர்ட், ஷீல்டு ஆட்டங்களுக்குப் பழைய உயிர்கள் அனைத்தையும் கொண்டுவர இயலாது என்று அறிவித்தார்கள். ஆண்டுக்கணக்கில் கருவிக்குக் கருவி மாற்றிப் பேணிவந்த துணைகளைக் கரையில் விட்டுவிட்டுக் கப்பலேறு என்றால் சினம் வராதா? 2022-இன் ஆட்டம் தடுக்கி விழுந்து தத்தளித்தபடிதான் வெளிவந்தது. நின்டெண்டோ நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. இவை ஆடியவர்கள், பேணியவர்கள், பணம் கொடுத்தவர்கள் கூறிய குறைகள். இவற்றுக்கும் "பார்த்தேன், பிடிக்கவில்லை, ஒழிந்தது கற்பனை" என்பதற்கும் நெடுந்தூரம்.

இனிக் கசிவைப் பற்றி. ஆட்டம் கடைக்கு வருமுன்பே எவரோ ஒருவர் கையில் ஒரு படி கிடைத்துவிடுகிறது. உயிர்கள் அனைத்தும், அவற்றின் இறுதி உருமாற்றங்களும், கதையின் முடிவும் படமெடுக்கப்பட்டு உலகெங்கும் ஓடுகின்றன. 2022-இல் அந்தப் பூனைக்குட்டியின் இறுதி வடிவு இரு காலில் நிற்கும் என்று ஆட்டம் வருமுன்பே கசிந்தது. நான்கு காலில் நிற்கும் பூனையை எதிர்பார்த்தவர்கள் அதைக் கையில் எடுக்குமுன்பே வெறுத்தார்கள். அக்குட்டியை முதல் நாளிலிருந்து வளர்த்து, அது தன் கண்முன் உருமாறுவதைக் கண்டவனுக்கு அந்த வெறுப்பு வந்திருக்குமா? வந்திருந்தாலும் அது அவனுடைய வெறுப்பாக இருந்திருக்கும்; இரவல் வெறுப்பாக இருந்திராது.

2025 அக்டோபர் 16 அன்று லெஜெண்ட்ஸ் இசட்-ஏ வெளிவந்தது. அதில் முற்றிலும் புதிய உயிர் இல்லை. பழைய உயிர்கள் பல, மெகா என்ற புது வடிவெடுத்தன. அவ்வடிவங்கள் நம் வாட்ஸாப் குழுவில் வந்து குவிந்தது ஆட்டம் வெளிவருவதற்குச் சில நாள் முன்னர். கொட்டியவர் யார் என்று கூறப்போவதில்லை. அவர் நல்லவர்தான், முந்திச் சொல்லும் ஆசை அவரை வென்றுவிட்டது.

ஆனால் எங்கள் மாடியில் ஸ்விட்ச் கருவி ஒன்றே ஒன்று. அது ஓர் அண்ணனுடையது. முறை வைத்து ஆடுகிறோம். முறைப்பட்டியலின் கடைசியில் இருந்தவர் தூத்துக்குடியிலிருந்து வந்த முதலாண்டுத் தம்பி. அவர் முறை வரும்போது டிசம்பர் ஆகிவிடும். அதுவரை எதையும் பார்ப்பதில்லை என்று உறுதியாயிருந்தார். முன்னோட்டப் படத்தைக்கூடப் பாதியில் நிறுத்தியவர். மன்றக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று பார்ப்பதற்காகக் குழுவைத் திறந்தார். அங்கே அத்தனையும்! "எல்லாத்தையும் பார்த்துட்டேனே அண்ணா, இனி நான் எதைத் தேடுறது?" என்று கேட்டார். அவருக்கு விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சொந்தக் கருவி வாங்க வசதியுள்ளவருக்குக் கசிவு என்பது ஒரு வாரத்து வேடிக்கை. வந்த நாளன்றே வாங்கி, ஆடி, தம் கண்ணால் கண்டு மனம் மாற்றிக்கொள்வார். காத்திருப்பவருக்கோ அந்தத் தெரியாமை ஒன்றுதான் கையிருப்பு. கருவி இரவல், ஆட்டம் இரவல், நேரமும் முறைவைத்த நேரம். வியப்பு ஒன்றே அவருடைய சொந்தம். அதை எடுத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை?

"பார்க்க விரும்பாதவர் குழுவைவிட்டு விலகியிருக்கலாமே" என்பர் சிலர். நன்று! ஊரைவிட்டு ஆயிரம் கல் தொலைவு வந்திருக்கிறோம். ஊருக்குப் போகும் ரயிலில் இடம் கிடைத்ததா, உணவு விடுதியில் இன்று சாம்பார் உண்டா, காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி வைப்பார் யார் என்பதெல்லாம் அந்தக் குழுவில்தான் தெரிகிறது. ஒரு பொம்மையின் படத்துக்காக ஒருவர் தமிழர் கூட்டத்தையே விட்டு விலகியிருக்க வேண்டுமா? "கருத்துரிமை" என்பர் வேறு சிலர். உரிமைதான். பேச வேண்டாம் என்று எவரும் வாயை அடைக்கவில்லை. பேசும் இடத்தைச் சிறிது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் என்பதே வேண்டுகோள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டுவர எண்ணியுள்ளேன். நிறுவனம் தானே வெளியிட்ட படங்களைப் பொதுக்குழுவில் இடலாம், கசிந்தவற்றை இடக்கூடாது. கசிவைப் பற்றிப் பேச விரும்புவோர்க்குத் தனிக் குழு ஒன்று அமைத்துக் கொடுப்போம். அதன் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கட்டும். புதிய ஆட்டம் வெளிவந்தபின், முறைப்பட்டியலில் கடைசிப் பெயருக்குரியவர் கதையை முடிக்கும் வரை இந்த ஏற்பாடு நீடிக்கும். பட்டியலைத் தலைகீழாக்கி, முதலாண்டு மாணவர்களிடமிருந்து தொடங்கினால் என்ன என்று கருவிக்குரிய அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.

முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். எதிர்த்துப் பேச விரும்புவோரும் தாராளமாக வரலாம். சாவிக்கொத்து உயிரைப் பழித்துப் பேச விரும்புவோர் மட்டும், அதை ஒருமுறையேனும் பிடித்துப் பத்து நாள் வளர்த்துவிட்டு வந்தால் நன்றாயிருக்கும்.